தோலில் ஒட்டும் மின்கருவியும் நம் தறியும்

ஒரு தொழிலில் புதுமை வந்து சேரும்போது அதனை முதலில் அறிபவர் வியாபாரி. கடைசியில் அறிபவர் உழைப்பாளி. செயற்கைப் பட்டு வந்தபோதும், பாலியஸ்டர் சரிகை வந்தபோதும், விசைத்தறி வந்தபோதும் இவ்வரிசை மாறவில்லை. உழைப்பாளி அறிந்துகொள்வதற்குள் விலையும் நிபந்தனையும் பிறரால் தீர்மானிக்கப்பட்டுவிட்டன. இந்நிலையை மாற்றுவது கூட்டுறவுச் சங்கத்தின் கடமைகளுள் ஒன்று. ஆகவே, நெசவாளர்களையும் பட்டுக்கூடு உற்பத்தியாளர்களையும் நாளை தொடக்கூடிய ஒரு புதுமையைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். அதாவது, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு, உடல் அசையும்போது தானும் நீண்டு சுருங்கி, நாடித்துடிப்பையும் வெப்பத்தையும் அளந்து கூறும் மின்கருவிகள்.

இப்பொருள் நமக்கு வெகு தூரத்தது என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. இக்கருவிகளின் அடிப்படைத் தந்திரம் சரிகை நூலில் உள்ளது. அவற்றுக்கு ஆதாரமாக விஞ்ஞானிகள் கையாண்ட பொருள்களுள் ஒன்று, நம் மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டு நாம் எடுக்கும் அதே பட்டு.

கருவி யாது? அதன் தேவை யாது?

மருத்துவமனையில் இருதயத் துடிப்பை வரைந்தெடுக்கும்போது, மார்பில் சிறு வில்லைகளை ஒட்டி, அவற்றிலிருந்து கம்பிகளைக் கருவிக்குக் கொண்டுசெல்வதை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். படுத்திருக்கும் சில நிமிடங்களுக்கு அஃது போதும். ஆனால் சில நோய்கள் அந்தச் சில நிமிடங்களில் வெளிப்படுவதில்லை. தறியில் அமர்ந்திருக்கும்போதோ, தலைச்சுமையுடன் மேட்டில் ஏறும்போதோ, நள்ளிரவில் உறங்கும்போதோதான் துடிப்பு தவறுகிறது. அதனைக் கண்டறிய ஒரு நாளோ பல நாளோ தொடர்ந்து அளக்க வேண்டும். அதற்கென உள்ள பெட்டியையும் கம்பிகளையும் சுமந்துகொண்டு வேலை செய்வது எளிதன்று.

சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ வாழும் ஒருவர், தருமபுரியில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வந்து சேர ஒரு நாட்கூலியை இழக்கிறார். அன்று துடிப்பு ஒழுங்காயிருந்தால், "ஒன்றுமில்லை" என்ற சொல்லுடன் திரும்புகிறார். ஒட்டிக்கொண்டு வீடு திரும்பி, வேலை செய்து, சில நாள் கழித்து எடுத்துக் கொடுக்கத்தக்க மெல்லிய வில்லை ஒன்று இருப்பின், அவருக்கு அதனால் விளையும் நன்மை பெரிது.

அத்தகைய வில்லையைச் செய்வதில் உள்ள இடர் ஒன்றே ஒன்று. உடல் அசைகிறது, தோல் நீள்கிறது, உலோகமோ நீள்வதில்லை.

உலோகம் ஏன் அறுகிறது?

முழங்காலை மடக்கும்போது அதன் மேலுள்ள தோல் எவ்வளவு நீள்கிறது என்பதை மையால் இரு புள்ளிகள் இட்டு எவரும் அளந்து பார்க்கலாம். மூட்டுகளின் மேல் தோல் நூற்றுக்கு முப்பது பங்கு வரையிலும், அதற்கு மேலும் நீள்வதுண்டு. மெல்லிய உலோகத் தகடோ, மின்கருவிகளின் உயிராகிய சிலிக்கனோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீட்டப்பட்டாலே விரிசல் விடுகிறது. பத்து அங்குலத் தோல் பதின்மூன்று அங்குலமாகும்போது, அதன் மேல் ஒட்டிய பத்து அங்குல உலோகம் பத்தேகால் அங்குலத்தைக்கூடத் தாங்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தன்னியல்பிலேயே நீளக்கூடிய புதிய மின்பொருளைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, நீளாத பொருளையே நீளும் வடிவத்தில் அமைப்பது. இரண்டாம் வழி நெசவாளருக்குப் புதிதன்று. பருத்தி நூல் நீளும் பொருளன்று. எனினும் திருப்பூர்ப் பின்னலாடை உடலோடு நீள்கிறது. காரணம், அதில் நூல் நேராகச் செல்லாமல் கண்ணி கண்ணியாக வளைந்து செல்கிறது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை, கண்ணிதான் உருமாறுகிறது. நேரான பாவும் நேரான ஊடையும் கொண்ட தறித் துணி, பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் சற்று இடங்கொடுக்கும். பொருள் ஒன்றே, வடிவம் வேறு, குணமும் வேறு. இதனை மனத்திற்கொண்டால் மேலே சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

சரிகையின் பாடம்

அசல் சரிகை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நெசவாளர்க்குக் கூற வேண்டுவதில்லை. வெள்ளிக் கம்பியை மிக மெல்லியதாக இழுத்து, அதனைத் தட்டையாக்கி, பட்டிழையின் மேல் சுற்றிச் சுற்றிப் படரவிட்டுப் பொன்முலாம் பூசுகிறார்கள். அதே கனமுள்ள முழு உலோகக் கம்பியைத் தறியில் ஊடையாக ஓட்டினால், சில முறை மடிந்தவுடன் அறுந்துபோகும். சரிகையோ சேலையின் மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. உலோகம் மிக மெலிந்திருப்பது ஒன்று. அது நேராகச் செல்லாமல் சுருள்வழியாகச் செல்வது மற்றொன்று.

மெலிவுக்கும் வளைவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்காகவே கூறலாம். ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது. அந்நீட்சியின் பங்கு, தகட்டின் தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். தடிமன் பாதியானால் நீட்சியும் பாதியாகும். தடிமன் நூறில் ஒரு பங்கானால் நீட்சியும் அவ்வாறே குறையும். மரப்பலகை வளையாது, அதே மரத்தினின்று இழைத்தெடுத்த சீவல் விரலில் சுற்றிக்கொள்கிறது. உடையும் இயல்புள்ள கண்ணாடியும் சிலிக்கனும்கூடப் போதிய அளவு மெலிந்தால் வளையும்.

பழைய தொலைபேசியின் கைப்பிடிக் கயிற்றினுள்ளும் இதே அமைப்பு இருந்தது. துணியிழையின் மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றிய கம்பியே அதில் இடப்பட்டது. ஆயிரம் முறை முறுக்கினும் அறாதிருந்தது அதனாலேயே. சரிகைத் தொழிலாளியின் அறிவும் தொலைபேசிப் பொறியாளரின் அறிவும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஓர்த் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் துணியிலேயே மின்சுற்று அமைக்க முயன்றனர். அதற்கென அவர்கள் புதிய துணி ஒன்றைச் செய்யவில்லை. இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வந்த மெல்லிய பட்டுத் துணியையே எடுத்துக்கொண்டனர். அதன் பாவு வெறும் பட்டு. ஊடை, செம்புத் தகடு சுற்றிய பட்டிழை. ஊடை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளியுடன் செல்வதால், ஒவ்வோர் இழையும் தனித்தனி மின்கம்பியாகப் பயன்பட்டது. விழாவுக்கு உடுத்தும் துணி, ஆராய்ச்சிச் சாலையில் மின்கம்பித் தொகுதி ஆயிற்று. அதனை நெய்த தறிக்காரரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவருக்குக் கிடைத்தது துணியின் விலை மட்டுமே. கூட்டுறவாளர் இச்செய்தியை மறவாதிருத்தல் நன்று.

தறியில் பிறந்த சட்டை

ஏறக்குறைய அதே காலத்தில், 1996ஆம் ஆண்டு, ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மற்றொரு முயற்சி தொடங்கிற்று. அதனை நடத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற சுந்தரேசன் ஜெயராமன். அமெரிக்கக் கடற்படையின் பொருளுதவியுடன், போர்க்களத்தில் காயமுற்ற வீரனின் நிலையைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் சட்டை ஒன்றை உருவாக்குவது நோக்கம். குண்டு பாய்ந்த இடத்தை அறிய ஒளியிழைகளும், நாடித்துடிப்பு முதலியவற்றைக் கொண்டுசெல்ல மின்கடத்தும் இழைகளும் துணியினுள்ளேயே செலுத்தப்பட்டன.

இங்கு நெசவாளர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. துணியை வெட்டித் தைத்தால், தையல் வருமிடத்தில் இழை அறும், செய்தியும் அறும். ஆகையால் சட்டையின் உடற்பகுதியைத் தையலின்றிக் குழாய் வடிவில் தறியிலேயே நெய்தெடுக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். மின்கருவியில் எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகை ஒன்று இருக்கும். அத்தாய்ப்பலகையாகத் துணியே அமைந்தது. பாவும் ஊடையும் எங்கெங்குச் சந்திக்க வேண்டும், எங்கெங்குச் சந்திக்கலாகாது என்று திட்டமிடும் அறிவு மின்பொறியாளரிடம் மட்டும் இல்லை, தறிக்காரரிடமும் உண்டு என்பதை அச்சட்டை உலகுக்குக் காட்டிற்று.

ஆயினும் சட்டை வேறு, தோலில் ஒட்டும் கருவி வேறு. சட்டை உடலின் மேல் வழுக்கும், தோலுக்கும் இழைக்கும் இடையே இடைவெளி ஏற்படும், அளவும் பிழைபடும். ஆகவே ஆராய்ச்சி அடுத்த படிக்குச் சென்றது.

அலையும் வளைவும்

எலாஸ்டிக் வைத்துத் தைப்பதை நாம் கண்டிருக்கிறோம். தையற்காரர் எலாஸ்டிக் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் மேல் துணியைத் தட்டையாக வைத்துத் தைக்கிறார். கையை விட்டதும் நாடா சுருங்குகிறது. துணி கொசுவம் கொசுவமாக எழுகிறது. பின்னர் இழுத்தால் கொசுவம் விரிகிறதேயன்றித் துணி நீள்வதில்லை.

2006ஆம் ஆண்டு ஜான் ராஜர்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் சிலிக்கனைக் கொண்டு இதனையே செய்து காட்டினர். மிக மெல்லிய சிலிக்கன் நாடாக்களை, இழுத்துப் பிடித்த ரப்பர்த் தகட்டின் மேல் ஒட்டி, ரப்பரை விட்டபோது சிலிக்கன் அலை அலையாக எழுந்தது. உடையும் பொருளாகிய சிலிக்கன், ரப்பரோடு சேர்ந்து நீண்டு சுருங்கிற்று. 2011ஆம் ஆண்டு அதே குழுவினர், பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய உலோகக் கோடுகளைக் கொண்ட வில்லை ஒன்றை வெளியிட்டனர். குழந்தைகள் நீர் தடவிக் கையில் ஒட்டிக்கொள்ளும் படம் போன்று அதனைத் தோலில் ஒட்டலாம். இருதயம், தசை, மூளை ஆகியவற்றின் மின்துடிப்புகளை அதனால் அளக்க முடிந்தது. தனிப் பசை இன்றியே, தன் மெலிவாலும் மென்மையாலும் தோலின் சிறு பள்ளங்களில் படிந்து அது ஒட்டிக்கொண்டது.

ஆனால் வியர்வை போக வழியின்றித் தோலை மூடிவிடும் எப்பொருளும் சில நாளில் அரிப்பை உண்டாக்கும். இதனைப் போக்க, 2017ஆம் ஆண்டு தோக்கியோவில் தக்காவோ சொமேயாவின் குழுவினர் நெசவாளர் மகிழத்தக்க வழியொன்றைக் கண்டனர். நீரில் கரையும் பொருளை மிக நுண்ணிய இழைகளாக நூற்று, அவ்விழை வலையின் மேல் பொன்னைப் படியவைத்தனர். அதனைத் தோலின் மேல் வைத்து நீர் தெளித்தால் இழை கரைந்துவிடும். பொன்வலை மட்டும் தோலில் ஒட்டி நிற்கும். வலையாகையால் காற்றும் வியர்வையும் தடையின்றிச் செல்லும். இருபது பேர் தோலில் ஒரு வாரம் ஒட்டிப் பார்த்ததில் அழற்சி காணப்படவில்லை.

முதலிற் கூறிய வழியும் கைவிடப்படவில்லை. 2018ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவோவின் குழுவினர், தன்னியல்பிலேயே நீளும் பொருள்களால் ஆன மின்விசைக் கூறுகளை ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 347 வீதம் அமைத்துக் காட்டினர்.

இவை யாருக்குப் பயன்பட்டன? 2019ஆம் ஆண்டு ராஜர்ஸ் குழுவினர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கென மார்பில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக இரண்டு வில்லைகளைச் செய்தனர். அக்குழந்தைகளின் தோல் காகிதத்தினும் மெல்லியது. வழக்கமான பட்டியை எடுக்கும்போது தோலும் உரிந்து வரும். கம்பிகள் சூழ்ந்திருப்பதால் தாய் தன் குழந்தையை மார்போடு அணைக்கவும் இயலாது. கம்பியற்ற மென்மையான வில்லை அத்தடையை நீக்கிற்று. ஒரு விஞ்ஞானத்தின் மதிப்பை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

பட்டின் பங்கு

பட்டிழையில் இரண்டு பொருள்கள் உண்டு. உள்ளே வலிமை தரும் புரதம். வெளியே அதனை ஒட்டும் பசைப் புரதம். கூட்டின் ஓட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன்னது. கால் பங்கு பின்னது. காய்ச்சிப் பசை நீக்கியபின் பட்டின் எடை குறைவது இதனால்தான் என்பது நெசவாளர் அறிந்ததே.

ஆராய்ச்சிச் சாலையில் செய்வதும் இதுவே. கூட்டை வெட்டிப் புழுவை நீக்கி, சோடா உப்பு கரைத்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்துப் பசையை அகற்றுகிறார்கள். எஞ்சிய இழையை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் அடர்ந்த கரைசலில் 60 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் கரைத்து, பின்னர் நீரில் வைத்து அவ்வுப்பைப் பிரித்துவிடுகிறார்கள். எஞ்சுவது தெளிந்த பட்டு நீர். அதனைத் தட்டில் ஊற்றி உலர்த்தினால் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் கிடைக்கும். அப்படலம் உடலுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. காலப்போக்கில் உடலிலேயே கரைந்துபோகும். அறுவைச் சிகிச்சையில் பட்டிழையால் தைப்பது பழைய வழக்கமல்லவா?

2010ஆம் ஆண்டு இல்லினாய், டஃப்ட்ஸ் ஆகிய பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள், மிக மெல்லிய மின்வலையைப் பட்டுப்படலத்தின் மேல் வைத்து, விலங்கின் மூளையின் மேற்பரப்பில் பதித்தனர். அவ்வளவு மெல்லிய வலையைக் கையால் எடுத்து வைக்க இயலாது; சுருண்டுவிடும். பட்டு அதற்குத் தாங்கு பலகையாயிற்று. ஈரம் பட்டதும் பட்டு கரைய, வலை மூளையின் மேடு பள்ளங்களில் படிந்துகொண்டது. 2012ஆம் ஆண்டு, வேலை முடிந்தபின் முழுவதும் உடலில் கரைந்து மறையும் மின்கருவியையும் பட்டுப்படலத்தை ஆதாரமாகக் கொண்டே அவர்கள் செய்து காட்டினர்.

ஒரு கணக்கு

இச்செய்திகளைக் கேட்டவுடன், "அப்படியானால் பட்டுக்கூட்டின் விலை ஏறுமா? இன்னும் ஓர் ஏக்கர் மல்பெரி வைக்கலாமா?" என்று உற்பத்தியாளர் கேட்பது இயல்பு. இதற்கு ஆசையால் விடை கூறாமல் கணக்கால் விடை காண்போம்.

பத்துச் சதுரச் சென்டிமீட்டர் பரப்பும், ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு தடிமனும் உள்ள பட்டுப்படலம் ஒன்றைக் கொள்வோம். அதன் கனஅளவு 0.025 கனசென்டிமீட்டர். பட்டின் அடர்த்தியை 1.3 என்று கொண்டால் எடை 0.0325 கிராம். ஆகவே ஒரு கிலோகிராம் பசை நீங்கிய பட்டில் ஏறக்குறைய 30,000 வில்லைகளுக்கு வேண்டிய படலம் செய்யலாம்.

ஒரு கிலோகிராம் பசை நீங்கிய பட்டுக்கு எவ்வளவு கூடு வேண்டும்? நல்ல வெண்கூட்டில் ஓட்டின் பங்கு நூற்றுக்கு இருபது. அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டால், ஏழு கிலோகிராம் பச்சைக்கூடு போதும். நூறு முட்டைத்தொகுதி வளர்த்து எழுபது கிலோகிராம் கூடு எடுக்கும் ஓர் உற்பத்தியாளரின் ஒரே அறுவடை, மூன்று இலட்சம் வில்லைகளுக்குப் போதுமானது. செய்யும்போது ஏற்படும் சேதாரத்துக்காகப் பாதியைக் கழித்தாலும் ஒன்றரை இலட்சம்!

கணக்கு கூறுவது தெளிவு. இத்தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியின் ஏல விலையை அது ஏற்றாது. அங்காடிக்கு விலை கொடுப்பது இன்றும் சேலையும் வேட்டியுமே. ஆதலால், "மருத்துவக் கருவிக்குப் பட்டு வேண்டும், நிலத்தை மாற்றுங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்று எவரேனும் வந்தால், இக்கணக்கை அவர் முன் போட்டுக் காட்டுக. ஆனால் எடை குறைவு என்பதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இத்தகைய வேலைக்கு வேண்டுவது அளவன்று, தரமும் பதிவும். எந்தத் தோட்டத்து இலை, என்ன மருந்து தெளிக்கப்பட்டது, எந்த இனப் புழு, எந்த நாள் அறுவடை என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத்துமூலமான பதிவு காட்டக்கூடிய சங்கமே அதில் இடம்பெறும். அப்பதிவு, கருவிக்குப் போகாவிடினும், நல்ல நூற்பாளரிடம் நல்ல விலை பெறவும் உதவும். ஆகவே அம்முயற்சி வீணாகாது.

நெசவாளர் பக்கம்

நெசவாளர்க்கு வாய்ப்பு சற்று அதிகம். வில்லையைத் தாங்கும் மென்பட்டை, மார்பைச் சுற்றிக் கட்டும் கச்சை, மின்கடத்தும் ஊடை கொண்ட நாடா ஆகியவை துணி வேலைகளே. இங்கு நெசவாளர் எதிர்கொள்ளும் இடர்களும் அவருக்குப் பழக்கமானவையே. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். செம்பு வியர்வையில் பச்சை பூக்கும். துவைக்கும்போது சுருள் நெகிழ்ந்து தகடு விலகும். சேலையில் இவை அழகுக் குறை. கருவியிலோ அளவுப் பிழை.

சங்கக் கூட்டத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மின்பணியாளரிடமுள்ள, சிறு மின்கலத்தால் இயங்கும் மல்ட்டிமீட்டர் ஒன்றை வாங்கி, அசல் சரிகை நூலின் ஒரு முழ நீளத்தின் மின்தடையை அளக்கவும். பின்னர் அதனைப் பென்சிலின் மேல் சுற்றி மீண்டும் அளக்கவும். வேறுபாடு சிறிதே இருக்கக் காணலாம். அதன்பின் பாலியஸ்டர் சரிகையை அளந்தால் பெரும்பாலும் மின்னோட்டமே தென்படாது. அதன் மினுமினுப்பு மேற்பூச்சு மட்டுமே. ஆனால் இச்சோதனையால் சரிகையின் வெள்ளித் தரத்தை அறிய இயலாது. செம்பும் மின்சாரத்தை நன்கு கடத்தும். இதற்கு வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அஃது உயிருக்கு ஆபத்து.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

இத்தகைய தொழிலின் பெயரால் எவரேனும் ஒப்பந்தத்துடன் சங்கத்தை அணுகினால், நிர்வாகக் குழுவினர் பின்வருவனவற்றைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற வேண்டும்.

முதலாவது, சரக்கை வாங்குபவர் யார்? எத்தனை மீட்டர், என்ன விலை, எந்நாளில் பணம்? மாதிரி நெய்வதற்கான கூலி தனியாகத் தரப்படுமா? மாதிரி நெய்து காட்டிப் பழகிய வடிவத்தை, பின்னர் வேறிடத்தில் விசைத்தறியில் ஓட்டிக்கொள்ளத் தடையுண்டா? இந்தியப் பட்டுத் துணியை நெய்தவரின் பெயர் மறைந்த கதையை இவ்விடத்தில் நினைவுகூர்க.

இரண்டாவது, கருவிக்கு உரிமம் உண்டா? நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் உள்ளன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. நோயைக் கண்டறியும் என்று கூறி விற்கும் பொருளுக்கு நாம் துணி கொடுத்தால், அதன் தரத்துக்கு நாமும் பதில் சொல்ல நேரிடலாம்.

மூன்றாவது, யார் தோலில் சோதிக்கப்பட்டது? தோலினுள் ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவிகளுண்டு. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, விரலில் மாட்டும் அத்தகைய கருவி "92 முதல் 96" என்று நலமாகக் காட்டியபோது, உண்மையில் அளவு 88க்குக் கீழ் இறங்கியிருந்தது வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளுள் நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தவரிடம் எடுத்தவற்றுள் 11.7. தோலின் நிறம் ஒளியை மறித்ததால் ஆபத்து மறைந்து நின்றது. வெயிலில் உழைக்கும் நம்மவர் தோலில், நம் வெப்பத்தில், நம் வியர்வையில் சோதிக்கப்படாத கருவியை நம் ஊருக்குப் பொருத்தமானதென்று கொள்வதற்கில்லை.

நான்காவது, உடல் தரும் செய்தி யாருக்கு உரியது? ஒருவரின் இருதயத் துடிப்பு அவருடைய சொத்து. அதனை வேலை கொடுப்பவரோ காப்பீட்டு நிறுவனமோ பார்த்தால் விளைவு என்னவாகும்? 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது. அங்கத்தினர் உடலில் கருவியை ஒட்டிச் சோதிக்க எவரேனும் விரும்பினால், ஒவ்வொருவரிடமும் அவரறிந்த மொழியில் விளக்கி, தனித்தனியே சம்மதம் பெற வேண்டும். சங்கத் தலைவரின் ஒரு கையெழுத்து நூறு பேருடைய சம்மதமாகாது.

சங்கம் செய்யத்தக்கவை

காப்பு நிதியை இதில் இறக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சங்க நிதி, சட்டமும் துணைவிதியும் அனுமதிக்கும் வழியிலேயே செல்ல வேண்டும். ஆராய்ச்சியின் நட்டத்தைத் தாங்க வேண்டியவர் நெசவாளர் அல்லர். ஆனால் செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள.

சேலத்தில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நமக்கு அண்மையில் உள்ளது. கோயம்புத்தூரில் 1956ஆம் ஆண்டு தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் மருத்துவத் துணிகளுக்கெனத் தனிப் பிரிவு கொண்டது. சங்கங்கள் கூட்டாக எழுதி, இளம் நெசவாளர் இருவர் மூவரை அங்கு அனுப்பி, மின்கடத்தும் நூலை எவ்வாறு நெய்வது, எவ்வாறு துவைத்துச் சோதிப்பது என்பவற்றைப் பார்த்துவரச் செய்யலாம். கற்றுவந்தவர் பொதுக்குழுவில் அறிக்கை படிக்கட்டும். ஒரு தறியில், ஒரு முழ அகலத்தில், ஒரு மாதிரியை நெய்து, யார் நெய்தார், என்று நெய்தார், எந்நூல் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். நாளை ஒரு நிறுவனம் வரும்போது அப்பதிவேடே நம் பேரத்துக்கு ஆதாரமாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. பின்னலாடை நீள்வதற்கும், தறித் துணி நீளாமைக்கும் காரணம் யாது? சிலிக்கன் அலை இவற்றுள் எதனை ஒத்தது?

2. சரிகைத் தகட்டின் தடிமன் இரட்டிப்பானால், மடிப்பில் அஃது எவ்வளவு விரைவில் அறும் என்று எதிர்பார்க்கலாம்? ஏன்?

3. மேலே கொடுத்த கணக்கில் படலத்தின் தடிமனை இருமடங்காக்கினால் ஒரு கிலோகிராம் பட்டில் எத்தனை வில்லைகள் செய்யலாம்? அதனால் கூட்டு விலை பற்றிய முடிவு மாறுமா?

4. உங்கள் சங்கத்தில் ஒவ்வொரு தொகுதிக் கூட்டுக்கும், ஒவ்வொரு மாதிரித் துணிக்கும் பதிவு உண்டா? இல்லையெனில், வரும் மாதம் அதனைத் தொடங்கும் பொறுப்பை யார் ஏற்பது?

நான்காம் வினாவுக்கு விடை காணாமல் வட்டத்தைக் கலைக்க வேண்டா என்று அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்றும் அறிவுக்குரியவை. நான்காவது, நெய்தவர் பெயரும் வளர்த்தவர் பெயரும் மறையாதிருத்தற்குரியது.